மேலே பார்க்கிற கண்ணாடி

எங்கள் தெருவில் கரண்ட் அக்கா வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். வாசல் ஓரம் ஏணி படுத்திருக்கிற வீடு. ஏணியைக் காணோம் என்றால் அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம், கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை.

வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒயரிங் செய்வது அவள் தொழில். தொழிற்பயிற்சிப் பள்ளியில் அந்தப் பிரிவில் அந்த வருடம் சேர்ந்த ஒரே பெண் அவள்தான். "ஷாக் அடிச்சா ஓடிடுவா" என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அடித்தது, ஓடவில்லை. வேலையில் படு சுத்தம். சுவருக்குள் மறையப்போகிற ஒயரைக்கூடத் தலை வாரிவிட்ட மாதிரி ஒழுங்காக மடித்து வைப்பாள். "யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டால், "அடுத்து இதைத் திறக்கிறவன் பாப்பான். அவன் என்னைத் திட்டக் கூடாது" என்பாள்.

அவளோடு வேலை செய்வது அவள் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் முறிந்து ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். யாரோடும் பேசாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில், "சுவரைத்தானே பாக்கறே? வா, நான் போற இடத்துலயும் சுவர்தான் இருக்கும். அங்க வந்து ஏணியைப் பிடிச்சுக்கிட்டுப் பாரு" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏணி பிடிக்கப் போனவள் ஒயர் இழுக்கக் கற்றாள், பிறகு போர்டு மாட்டக் கற்றாள். இப்போது அவளுக்கும் தனியாக வாடிக்கை உண்டு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தாலே ஊர் வேடிக்கை பார்க்கக் காத்திருக்கும். இவர்கள் ஒரே ஏணியில் இருந்தார்கள், ஒரு சச்சரவும் இல்லை.

நாற்பத்தைந்து தாண்டியதும் அக்காவின் கண் தகராறு செய்யத் தொடங்கியது. அதை அவள் கண்ணின் தகராறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. "எழுத்தை எறும்பு சைஸுக்கு அடிக்கறானுங்க" என்று பல்பு கம்பெனிகளைத் திட்டினாள். டப்பாவின் அட்டையை மூக்கருகே கொண்டுபோவாள், தெரியாது. தள்ளிப் பிடிப்பாள், கொஞ்சம் தெரியும். இன்னும் தள்ளினால் கை முடிந்துவிடும்.

தரையில் இருக்கும் பொருளானால் இப்படித் தள்ளித் தள்ளிச் சமாளித்துவிடலாம். கூரையில் இருப்பதை எங்கே தள்ளுவது? ஏணியில் ஒரு படி கீழே இறங்கினால் ஸ்க்ரூ தெளிவாகத் தெரிந்தது, ஆனால் கை எட்டவில்லை. ஒரு படி ஏறினால் கை எட்டியது, ஸ்க்ரூ கலங்கிப் போனது. கடைசியில் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு விரலை நம்பத் தொடங்கினாள். இத்தனை வருட விரல், தடவிப் பார்த்தே வேலையை முடித்துவிடும் என்று நினைத்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் புதிதாக விளக்குகள் மாட்டும் வேலை. முடித்துவிட்டு அக்கா முன்னால் கிளம்பினாள், நாத்தனார் சாமான்களை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாள். தெருமுனை போனதும்தான் டெஸ்டரை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அக்கா திரும்பி வந்தாள். உள்ளே, கூரையில் தான் மூடிவிட்டு வந்த ஒயர் பெட்டி திறந்திருந்தது. ஏணி உச்சியில் நாத்தனார் நின்றுகொண்டு, அண்ணி போட்ட ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயரை வெளியே எடுத்து, திரும்பவும் முறுக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே அங்கே?"

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சும்மா அண்ணி... தூசி தட்டிட்டு..."

"ஸ்க்ரூ டிரைவர் வச்சு யாருடி தூசி தட்டுவா? இறங்கு கீழே."

இறங்கினாள். சொல்லாமல் தப்ப முடியாது என்று தெரிந்ததும் சொன்னாள். "ஒயர்ல ஒரு இழை வெளியில நிக்குது அண்ணி. ஓட்டைக்குள்ள போகலை. பக்கத்து ஒயரைத் தொட்டா பொறி பறக்கும், அதான்..."

"இன்னிக்கு மட்டுமா?"

நாத்தனார் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள்.

"கேக்கறேன்ல? எத்தனை நாளா என் பின்னாடி ஏறிட்டிருக்கே?"

"கொஞ்ச நாளாவே. எல்லா இடத்துலயும் இல்லை அண்ணி. எப்பவாவதுதான். உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

அக்கா டெஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று முழுக்க அவள் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. "உப்பு எடு", "கதவைச் சாத்து" இவ்வளவுதான். வேன் ஓட்டும் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விடுவார்.

அவளுக்குக் கோபம் நாத்தனார் மேல் இல்லை. பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள்: "கோபம் மாதிரி இருந்துச்சு. ஆனா அது பயம். அந்த ஒரு இழை எத்தனை வீட்டுக் கூரைல நின்னிருக்கும்னு நினைச்சுப் பாத்தேன். வேலையை விட்டுடலாம்னுகூடத் தோணுச்சு. விட்டுட்டு என்ன பண்றது? எனக்கு வேற என்ன தெரியும்?"

அப்புறம் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

கடையை நடத்துவது ஒரு பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, நிதானமான பேச்சு. கண்ணைச் சோதித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து விளக்கினார். "பயப்படாதீங்க, இது நோய் இல்லை. நம்ம கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் இருக்கு. சின்ன வயசுல அது வளைஞ்சு குடுக்கும். பக்கத்துல பாக்கணும்னா தானா குண்டாகும், தூரத்துல பாக்கணும்னா தட்டையாகும். வயசாக வயசாக அது விறைச்சுப் போகுது. எல்லாருக்கும் வர்றதுதான். வரலைன்னு சொல்றவங்க மறைக்கறாங்க."

"உங்களுக்கும் வந்திருக்கா?"

"இதோ கயிறு கட்டி மாட்டியிருக்கேனே!"

படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் நிமிர்ந்தால் தூரம் கலங்கும், போடுவதும் கழற்றுவதுமாக இருக்கும் என்றார் அந்த அம்மா. நடுவில் கோடு போட்ட கண்ணாடி இருக்கிறது, மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. மூன்றாவதாக, கோடே இல்லாதது. "மல்டிஃபோகல்னு சொல்வாங்க. மேல் பக்கமாப் பாத்தா தெருக்கோடி தெரியும். நடுவுல பாத்தா கை நீட்டற தூரம். கீழே பாத்தா புத்தகம். மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு போயிருக்கும், எங்க மாறுதுன்னு தெரியாது. ரெண்டு ஓரமும் மட்டும் கொஞ்சம் கலங்கலா இருக்கும். அது கண்ணாடியோட குத்தம் இல்லை, அதோட சுபாவம். பழகிக்கணும். என்ன வேலை பாக்கறீங்க?"

பக்கத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் வீட்டுக்கு அக்காதான் ஒயரிங் செய்திருந்தாள். கரண்ட் அக்காவுக்குக் கண் தெரியவில்லையாம் என்று ஊர் பேசிவிட்டால்? "சும்மா, எல்லா வேலையும்தான்" என்று மழுப்பினாள். "கோடு இல்லாததே குடுங்க. கோடு போட்டா கிழவின்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கும்."

கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு கடை வாசலில் கால் வைத்ததும் தரை அலை மாதிரி எழுந்து வந்தது. படி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. "ஆழம் தெரியாம காலை விட்டுட்டேனே" என்று முனகிக்கொண்டே சுவரைப் பிடித்து இறங்கினாள்.

வீட்டில் முதலில் கண்ணில் பட்டது வீட்டுக்காரரின் காது. "ஏங்க, உங்க காதுக்குள்ள இவ்ளோ முடியா? எப்பலேர்ந்து?"

"நீ பாக்கறதை நிறுத்தினதுலேர்ந்து" என்றார் அவர், பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல்.

கடைக்கார அம்மா சொல்லி அனுப்பியதைப் பழகினாள். ஓரக்கண்ணால் பார்க்கக் கூடாது, எதைப் பார்க்கணுமோ அதன் பக்கம் மூக்கைத் திருப்பணும். படி இறங்கும்போது முகவாயைக் கழுத்தோடு சேர்த்துக் குனிந்து, மேல் பகுதி வழியாகப் படியைப் பார்க்கணும். முதல் சில நாள் தலைவலி. மூக்கை மூக்கைத் திருப்பிக்கொண்டு தெருவில் நடந்ததைப் பார்த்து, ஏதோ வாசனை பிடிக்கிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. மெல்ல மெல்லத் தரை அடங்கியது. பஸ் பலகை தெரிந்தது, மாத்திரை அட்டை தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள்.

ஏணி ஏறும்வரை.

ஒரு வீட்டில் விளக்கு மாட்டும் வேலையில் ஏறி நின்று தலைக்கு மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். ஒரே கலங்கல், கண்ணாடியே போடாத மாதிரி. கண்ணாடியின் மேல் பகுதி தூரத்துக்கானது. கிட்டத்தில் பார்க்கும் பகுதியோ கன்னத்துப் பக்கம், கீழே கிடக்கிறது. அதன் வழியாகக் கூரையைப் பார்க்க வேண்டுமானால் தலையைப் பின்னால் மடக்கி, முதுகையே வில்லாக வளைக்கணும். வளைத்தாள். ஒயர் தெளிவாகத் தெரிந்தது, கூடவே உலகமும் சுற்றியது. நாத்தனார் பாய்ந்து காலைக் கட்டிப் பிடித்திருக்காவிட்டால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"இறங்குங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துக்குவே? எப்பவும் நீயே பாத்துக்குவியா?" அக்கா படியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிட்டத்துப் பகுதி கீழே இருக்கிறது. தனக்கு வேண்டியதோ மேலே. அவளுக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று மேலே பார்த்தாள்.

"அடியே! தெரியுதுடி!"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். மூக்குப் பிடி நெற்றியில் நின்றது. காம்புகளின் வளைந்த நுனிகள் இரண்டும் காதில் உட்காராமல் கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்தன. அக்கா ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு இழையும் தெரியுது, எண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி, ஏணி ஆடுது!"

"கொம்பு... அண்ணி, கொம்பு..."

அதற்கு மேல் அக்காவாலும் முடியவில்லை. அந்த வீட்டு அம்மா என்னமோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்தபோது, ஒருத்தி ஏணி மேலும் ஒருத்தி ஏணிக்குக் கீழும் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கிளினிக்கில் அறுந்த பேச்சு அங்கேதான் ஒட்டியது.

சிரிப்பு அடங்கியதும் நாத்தனார் சொன்னாள்: "தலைகீழா வச்சாத் தெரியுதுன்னா, இப்படியே ஒரு கண்ணாடி செய்ய முடியாதா? கடையில போய்க் கேப்போம். நானும் வரேன்."

"கேட்டா பைத்தியம்னு நினைப்பாங்க."

"நினைச்சா நினைக்கட்டும். உங்க கூடத்தானே நானும் நிப்பேன்."

இருவரும் போனார்கள். இந்தத் தடவை அக்கா மழுப்பவில்லை. "நான் கரண்ட் வேலை பாக்கறவ. பாதி நாள் ஏணி மேலதான் இருப்பேன். என் வேலை எல்லாம் தலைக்கு மேல, ஒரு முழத் தூரத்துல" என்று காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தும் காட்டினாள்.

கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. மேஜையைச் சுற்றி வெளியே வந்தார். "இங்க நின்னு, நீங்க வேலை செய்யற மாதிரியே கையைத் தூக்குங்க" என்றார். அக்கா ஸ்டூல் மேல் ஏறி, கடையின் கூரை விளக்குக்குக் கையை நீட்டி நின்றாள். அந்த அம்மா டேப்பை எடுத்து அவள் கண்ணுக்கும் விரலுக்கும் நடுவிலிருந்த தூரத்தை அளந்தார். பார்வை எந்த இடத்தில் கண்ணாடியைத் தொடுகிறது என்று பேனாவால் புள்ளி வைத்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். "அன்னிக்கே நான் விடாமக் கேட்டிருக்கணும்."

"கேட்டீங்க. நான்தான் சொல்லலை."

"சரி, ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கலாம். உங்களை மாதிரி மேலே பாத்து வேலை செய்யறவங்களுக்குன்னு ஒரு லென்ஸ் இருக்கு. மேலேயும் ஒரு கிட்டப் பகுதி, கீழேயும் ஒரு கிட்டப் பகுதி. நடுவுல தூரம். நடுவால பாத்தா தரையும் ஏணிப் படியும் தெரியும். ஆனா இறங்கும்போது முகவாயைச் சேர்த்துக் குனிஞ்சுதான் பாக்கணும், அதை மறக்கக் கூடாது. இது வேலைக்கு மட்டும். தெருவுக்கும் வீட்டுக்கும் பழைய கண்ணாடியே போதும், அதுவும் மூக்குலேர்ந்து நழுவுது, இறுக்கித் தரேன். ஒண்ணு சொல்லிடறேன், புதுசுல கோடு தெரியும். ஒண்ணு இல்லை, ரெண்டு."

அக்கா யோசிக்கவே இல்லை. "தெரியட்டும். முன்னந்தலை நரைச்சது ஊருக்கே தெரியுது, இது தெரிஞ்சா என்ன?"

அந்தக் கண்ணாடி வந்த கையோடுதான் தையல் கம்பெனி வேலையும் வந்தது. நீளமான கூடம், வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். மேலே பழைய விளக்குகள் பாதி எரியாமல், மீதி கண் சிமிட்டிக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது ஒயர் இழுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் நேர் மேலே விளக்கு வர வேண்டும். விடுமுறை முடிந்து வேலைக்காரர்கள் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். அக்கா இத்தனை வருடத்தில் எடுத்த வேலைகளில் அதுதான் பெரியது. முன்பானால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

முதல் ஏணி ஏறுவதற்கு முன் நாத்தனாரைக் கூப்பிட்டாள். "இதைக் கேளு. இனிமே என் பின்னாடி திருட்டுத்தனமா ஏறாதே."

"ஏற மாட்டேன் அண்ணி."

"ஏறணும். எதிர்லயே ஏறு. நான் போட்டதை நீ பாரு, நீ போட்டதை நான் பாக்கறேன். யாரு போட்டதா இருந்தாலும் இன்னொருத்தி பாக்காம மூடி போடக் கூடாது."

அப்படியே செய்தார்கள். அக்கா தலையைச் சாதாரணமாக நிமிர்த்தினாள், கண்ணை மட்டும் லேசாக மேலே உயர்த்தினாள். பெட்டியும் ஸ்க்ரூவும் செம்பு இழைகளும் கூர்மையாக வந்து நின்றன. கழுத்து வலிக்கவில்லை. விரல் இப்போது தடவித் தேடவில்லை, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போனது. அண்ணி போட்டதில் நாத்தனாருக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. நாத்தனார் போட்டதில்தான் அண்ணிக்குச் சரியாக முடுக்காத ஸ்க்ரூ ஒன்று கிடைத்தது.

"இதென்னடி?"

"அது... தூசியா இருக்கும் அண்ணி" என்றாள் நாத்தனார். பிறகு தானே ஏறி முடுக்கினாள்.

வேலைக்காரர்கள் திரும்பிய காலையில் அக்கா மெயின் சுவிட்சைப் போட்டாள். வரிசை வரிசையாக வெளிச்சம் கூடத்தின் கடைசிவரை ஓடியது. பெண்கள் "அடேயப்பா!" என்றார்கள். ஒருத்தி தன் மெஷினைத் தொட்டுப் பார்த்து, "இது இந்த நிறமா? இத்தனை நாளா கறுப்புன்னு நினைச்சேன்" என்றாள்.

அக்கா கடைசியாக ஒரு தடவை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது, ஓரத்து மெஷினில் ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்தாள். நூலை நாக்கில் நனைக்கிறாள், தள்ளிப் பிடிக்கிறாள், குத்துகிறாள், நூல் ஊசிக் காதைத் தாண்டிப் போகிறது. இவ்வளவு வெளிச்சத்திலும் அவளால் முடியவில்லை. அக்கா நிற்பதைப் பார்த்ததும் நூலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பக்கத்து மெஷின்காரிதான் கோத்துத் தருவா. அவளுக்கும் எத்தனை தடவைதான் தொந்தரவு குடுக்கறது? இந்த வருஷத்தோட நின்னுடலாம்னு இருக்கேன்." பிறகு கேட்டாள்: "உங்க கண்ணாடில ஏன் ரெண்டு கோடு இருக்கு?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேல், நடு, கீழ் என்று விரல் வைத்துக் காட்டினாள். கடை எங்கே இருக்கிறது என்று சொன்னாள். "உங்களுக்கு இது வேணாம். என் வேலைக்கு என் கண்ணாடி, உங்க வேலைக்கு உங்க கண்ணாடி. போய் என்ன வேலைன்னு கூச்சப்படாமச் சொல்லுங்க. ஊசி உங்க கண்ணுலேர்ந்து எவ்ளோ தூரத்துல இருக்கு, எப்படி உக்காந்து குனியறீங்க, எல்லாத்தையும் நடிச்சே காட்டுங்க. நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு காட்டினேன். முதல்ல தலை சுத்தும். மூக்கைத் திருப்பிப் பாருங்க, அடங்கிடும்."

"யாராவது சிரிச்சா?"

"சிரிச்சா நல்லதுதான். எங்க வீட்டுல ஒருத்தி சிரிச்சதாலதான் எனக்கு விடிஞ்சுது."

அந்தப் பெண் வேலையை விடவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டோம். கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்த அன்று தன் கையாலேயே நூல் கோத்தாளாம். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்களாம். அவளோ அதைக் காதில் வாங்காமல், முந்தின நாள் தான் தைத்து வைத்த சட்டைக் கையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாளாம். "ச்சே, இதையா தச்சேன்?" என்று சொல்லி, தையல் முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாளாம்.